மேலவைச் சீட்டில் ஒரு சின்னக் கட்டு

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தேர்தல் நாட்களில் தற்காலிக அலுவலராகப் பல தடவை வேலை பார்த்திருக்கிறேன். காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை பெயர்ப் பட்டியலில் கோடு கிழிப்பது, சீட்டுக் கொடுப்பது, வரிசையைக் கவனிப்பது. பெரிய வேலை அப்புறம்தான், எண்ணும்போது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவைச் சீட்டு அவ்வளவு அகலம். 1999இல் 264 வேட்பாளர்கள் நின்றபோது அதற்கு மேசைவிரிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்சிவாரியாகப் பிரித்து அடுக்கினால் ஒரு கட்டு எப்போதும் சின்னதாக இருந்தது, ஆனால் இல்லாமல் போனதில்லை. அது பாதிரியார் ஃப்ரெட் நைலின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு விழுந்த வாக்கு.

நைல் 1970களில் ஆபாசப் பத்திரிகைக்கும் கருக்கலைப்புக்கும் எதிராகப் பிரசாரம் செய்து பெயர் எடுத்தவர். 1981இல் 9 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கி மேலவைக்குள் போனார். 1988இல் மனைவி எலைனும் அதே அவைக்கு வந்தார். 2015இல் கட்சியின் பங்கு 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த அவையில் வாக்கு விகிதப்படி இடம் பிரிப்பதால், ஒரு முழு இடத்துக்கு ஏறக்குறைய 4.5 விழுக்காடு வேண்டும். ஆனாலும் கடைசி இடங்களுக்கு மிச்ச வாக்கில் முந்தி நிற்பவர் உள்ளே போய்விடலாம். அவரும் போனார்.

ஒரு தேர்தலில் வயதான தமிழ் அம்மா ஒருவர் சீட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சேர்ச் ஆட்களின்ர கட்சி எந்தப் பெட்டி?" என்று கேட்டார். "அம்மா, அதை நான் சொல்லக் கூடாது. பெயர் போட்டிருக்கு, ஆறுதலாப் பாருங்கோ" என்றேன். அவர் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போனார். பேரப்பிள்ளைகள் நல்லபடி வளர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு அரசியல் இருந்திருக்காது. இப்படி நம்பிக்கையோடு விழுந்த வாக்குகள்தான் அந்தக் கட்டில் இருந்தன. அதனால்தான் அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.

நைல் உயிரைக் கொடுத்து எதிர்த்தவை பெரும்பாலும் நிறைவேறிவிட்டன. 1984இல் ஓரினச் சேர்க்கை குற்றமல்ல என்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. 2017இல் ஒருபாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டமானது. 2019இல் கருக்கலைப்பு குற்றவியல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய கை ஓங்கியது வேறு இடத்தில். 2015இல் மின்விநியோகக் கட்டமைப்பில் 49 விழுக்காட்டை 99 வருடக் குத்தகைக்கு விட முதல்வர் மைக் பேர்ட்டின் மாநில அரசு மசோதா கொண்டு வந்தபோது, மேலவையில் அதை நிறைவேற்ற நைலின் ஆதரவு தேவைப்பட்டது. அந்தக் குத்தகையை ஆராய்ந்த மேலவை விசாரணைக் குழுவுக்கும் அவரே தலைவர். குடும்பத்துக்காக விழுந்த வாக்கு மின்கம்பிக் குத்தகையைத் தீர்மானித்தது. சின்னக் கட்சி என்றால் இப்படித்தான் என்பார்கள். சரி, ஆனால் வாக்குப் போட்டவருக்கு அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஒருபாலினத் திருமணம் பற்றிய 2017 அஞ்சல் கணக்கெடுப்பில் நாடு 61.6 விழுக்காடு ஆம் என்றது. தமிழர் நிறையப் பேர் வாழும் பரமட்டா தொகுதி அதே 61.6 விழுக்காடு இல்லை என்றது. முஸ்லிம் குடும்பங்கள் அதிகமுள்ள பிளாக்ஸ்லாண்ட் தொகுதியில் 73.9 விழுக்காடு இல்லை, நாட்டிலேயே அதுதான் அதிகம். திருமணம் பற்றி நைல் சொன்னதையே நம்பியவர்கள் இங்கே இவ்வளவு பேர் இருந்தார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை, அது வேறு விஷயம். ஆனால் இதே நைல் 2002 நவம்பரில், தீவிரவாதிகள் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடத்திய குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம், ஆயுதம் மறைக்கலாம் என்று சொல்லி, முஸ்லிம் பெண்களின் முழு அங்கியைப் பொது இடங்களில் தடை செய்யலாமா என்று அவையில் கேட்டவர்.

அங்கி போட்ட பெண்கள் பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் மாமியார். பெயரைச் சரிபார்த்துக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போவார்கள். குடும்பத்தைக் காப்பதாகச் சொன்ன ஒரு போதகர் இந்தக் குடும்பங்களிடம் முதலில் போயிருக்க வேண்டும். அவர் அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.