ஒரே தவறு, இரண்டு வரிகள்

ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். லேத் மெஷின்களில் ஷாஃப்ட் கடையும் பிரிவு. ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது, யார் மெஷினில், என்ன காரணம் என்று ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புத்தகம்தான் எனக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தேன். இனப் பெருமைக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியே வர நினைக்கிற யாருக்காவது உதவினால் போதும்.

என் இனத்தின் பெயரையும் அவர்கள் இனத்தின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர் ஏதாவது ஒரு பக்கம் போய் நின்றுவிடுவார். நாங்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், முகமும் மொழியும் வேறு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெறுக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா சொன்னதெல்லாம் பெருமைதான். நாம் வாக்குத் தவறாதவர்கள், உழைக்க அஞ்சாதவர்கள், நம் மொழிக்கு ஈடு இல்லை. சின்ன வயதில் கேட்கக் கேட்க நெஞ்சு நிமிரும். ஆனால் நாம் உழைப்பாளிகள் என்றால், உழைக்காத கூட்டம் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். அந்தக் கூட்டம் யார் என்று அப்பா சொன்னதில்லை. அந்த இடத்தில் யாரை வைப்பது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தன் கூட்டத்தை எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்து, மற்றவர்களை அதைக் கொண்டே அளக்கும் இந்தப் பார்வையைப் பற்றி வில்லியம் கிரஹாம் சம்னர் என்ற சமூகவியலாளர் 1906லேயே எழுதியிருக்கிறார். பட்டறையில் மைக்ரோமீட்டரைக்கூட அவ்வப்போது சரிபார்க்காமல் நாங்கள் பயன்படுத்துவதில்லை. எனக்குள் இருந்த அளவுகோலை நாற்பது வயதுவரை நான் ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை.

அவர்களில் ஒருவர் அடுத்த ஷிப்டுக்கு சூப்பர்வைசராக வந்தார். என் அதே பதவி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் மொழியை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவர், பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். அவர் என்னை ‘நீங்க’ என்பார். நான் அவரை ‘நீ’ என்பேன். எங்கள் ஆட்களில் என்னைவிட இரண்டு வயது மூத்தவரைக்கூட ஒருமையில் அழைக்க எனக்கு வாய் வராது. அவரிடம் மட்டும் எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரம். அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஒரு வரிமேல் விரல் வைத்தார். ‘4ஆம் மெஷின். 6 பீஸ் விட்டம் குறைவு. டூல் தேய்ந்திருந்தது. ஆபரேட்டர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வேலை.’ அப்புறம் விரலைக் கீழே இறக்கினார். இரண்டு நாள் கழித்து நான் எழுதியது. ‘7ஆம் மெஷின். 6 பீஸ் விட்டம் குறைவு. ஆபரேட்டர் அலட்சியம். மெமோ தரப்பட்டது.’

“ஏழாம் மெஷின்ல டூல் பார்த்தீங்களா சார்?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை.

“அந்தப் பையனும் ரெண்டு ஷிப்ட்தான் பார்த்தான்” என்றார். குரலில் கோபம் இல்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

நான்காம் மெஷினில் இருந்தவர் எங்கள் ஆள். ஏழாம் மெஷினில் இருந்தவன் அவர்கள் ஆள். அதைச் சொல்லாமலேயே அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். எனக்கு எல்லாரும் ஒன்றுதான், யாரையும் நான் கைநீட்டிப் பேசியதில்லை, இவன் யார் என்னைக் கேட்க? அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே பழைய புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று காரணங்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கம் டூல், மெட்டீரியல், மெஷின், தூக்கமின்மை, வீட்டுப் பிரச்சினை. அந்தப் பக்கம் அலட்சியம், கவனமின்மை, சொன்னதைக் கேட்பதில்லை, மறுபடியும் அலட்சியம். மூன்று மாதத்துப் பக்கங்கள் முடிவதற்குள் கை நின்றுவிட்டது. நல்லது நடந்தால் எழுதுவதும் அப்படியே தலைகீழ். எங்கள் ஆள் இலக்கைத் தாண்டினால் அவர் பெயரைப் போட்டுத் ‘திறமையான வேலை’ என்று எழுதியிருந்தேன். அவர்கள் தாண்டினால் ‘லைன் நன்றாக ஓடியது’.

தாமஸ் பெட்டிக்ரூ என்ற சமூக உளவியலாளர் 1979இல் இதைத்தான் விளக்கியிருக்கிறார் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்முடிவு உள்ளவர்கள் தன் கூட்டத்தான் தவறினால் சூழ்நிலையைக் காரணம் சொல்வார்கள், அடுத்த கூட்டத்தான் தவறினால் அது அவன் பிறவிக் குணம் என்பார்கள். நன்மை நடந்தால் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். என் தாளின் இரண்டு பக்கமும் அதுதான்.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெயர் மூன்று முறை வருகிறது. அந்தப் பையன் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மெமோ சேர்ந்ததால் அவனுடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. மூன்றிலும் என் கையெழுத்து. மூன்றிலும் டூலைப் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அவன் கடைசி நாளில் வந்து, அடையாள அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றான். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அவனைத் தேடி விசாரித்தேன். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரையும் வெறுக்காமலே ஒருவனுடைய பிழைப்பைக் கெடுக்க முடியும் என்பதை அவன் மூலம்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு என்னால் ஈடு செய்ய முடியாது, இதோடுதான் நான் இருந்தாக வேண்டும்.

சரி, மாற வேண்டும் என்று முடிவெடுத்தேன். முதலில் செய்தது, அப்படி நினைக்கவே கூடாது என்று என்னை அடக்கிக்கொண்டது. அது உதவவில்லை. அவர்களைப் பார்த்தாலே அந்த எண்ணம் முன்னைவிட வேகமாக வந்தது, நானும் இறுக்கமாக, ஒட்டாமல் பேச ஆரம்பித்தேன். நீல் மக்ரேயும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 1994இல் நடத்திய சோதனையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. தலையை மழித்த ஸ்கின்ஹெட் இளைஞன் ஒருவனின் படத்தைக் காட்டி (ஸ்கின்ஹெட் என்றாலே முரடர்கள் என்று முத்திரை விழுந்த கூட்டம்), அவனைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான முத்திரைகளை நினைக்காமல் எழுது என்று சொல்லப்பட்டவர்கள், பிறகு அவனுடைய பொருட்கள் இருந்த நாற்காலியிலிருந்து மற்றவர்களைவிடத் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடக்குவதை விட்டுவிட்டேன். நான் எழுதும் விதத்தை மாற்றினேன். ரிஜெக்ட் ஆனால் முதலில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய் டூலைப் பார்ப்பேன், மெட்டீரியலை அளப்பேன், ஆபரேட்டர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று கேட்பேன். எல்லாம் முடிந்த பிறகுதான் காரணம், கடைசியில்தான் பெயர். கால் மணி நேரம் கூடுதலாகும். நாளெல்லாம் நின்ற காலோடு அந்தக் கால் மணி நேரம் பெரிய பாரம். அந்தச் சலிப்பில்தான் பழைய எழுத்து திரும்பி வரும், எனக்கு வந்தது. முன்முடிவை ஒரு கெட்ட பழக்கத்தைப் போலத்தான் விட வேண்டும் என்று பட்ரீஷியா டிவைன் என்ற உளவியலாளர் சொல்கிறார். அவருடைய குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு பன்னிரண்டு வாரம் நடந்திருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வாரம் போதவில்லை. இது சீக்கிரம் முடியும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

‘நீ’யை ‘நீங்க’ ஆக்கியது இதைவிடக் கடினமாக இருந்தது. முதல் நாள் தொண்டையில் சிக்கியது. அவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. முகங்களையும் கற்றுக்கொண்டேன். அவர்களில் இரண்டு பேரை நான் இரண்டு வருடமாக மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. வேற்று இனத்து முகங்களை அடையாளம் காண்பதில் மனிதர்கள் தடுமாறுவது 1969லேயே சோதனையில் தெரிந்த விஷயம். அந்தத் தடுமாற்றம் நம் கண்ணுக்குப் பழக்கம் இல்லாததால் வருகிறது, அவர்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருவருக்கு இடது புருவத்தில் தழும்பு, இன்னொருவர் பேசும்போது மூக்கைத் தொடுவார். ஒரு வாரம் உற்றுப் பார்த்தேன், அப்புறம் குழப்பமே வரவில்லை.

எட்டாவது மாதத்தில் சறுக்கினேன். ஒரு மெஷின் பழுதாகி, யார் ஷிப்டில் ஆனது என்று அவரோடு வாக்குவாதம். சுற்றி ஏழெட்டுப் பேர். “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “என் ஷிப்ட்ல எங்க ஆளுங்க ஒன்பது பேர் இருக்காங்க சார். யாரைச் சொல்றீங்க?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மாலையில் தனியாகப் போய், கோபத்தில் வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். நான் கேட்ட மன்னிப்பு சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னதற்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்டிருந்தேன், பழியையும் கோபத்தின் மேல் போட்டிருந்தேன். மறுநாள் ஷிப்ட் மாறும்போது, அதே ஆட்கள் இருக்கும்போது, “நேத்து நான் சொன்னது தப்பு. அப்படிச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடையாது. மன்னிச்சிடுங்க” என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் மட்டும், “சரி சார், மெஷினைப் பார்ப்போம்” என்றார். இருவரும் சேர்ந்துதான் அதைப் பிரித்தோம். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று நான் மீட்டரை வைத்துத் தேடிக்கொண்டிருக்க, அவர் உள்ளங்கையை லேத்தின் கடைசி முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் மேல் வைத்து, கண்ணை மூடி, “இங்கே” என்றார். அங்கேதான் இருந்தது. சமமான நிலையில், ஒரே இலக்குக்காக, ஒருவரை ஒருவர் நம்பி, மேலிடத்தின் ஆதரவோடு வேலை செய்யும்போது முன்முடிவு குறைகிறது என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார். அந்த மெஷினைப் பிரித்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு நடந்தது அதுதான்.

என் மொழிமேல் இருந்த அன்பு இப்போது என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியே இருக்கிறது. போனது, அதை வைத்து அடுத்தவரைத் தாழ்த்தும் ஆசை. அதற்கு அறிவியலிலும் இடமில்லை. மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவான்டின் என்ற மரபியலாளர் 1972இல் கணக்கிட்டார். இன வேறுபாட்டை வைத்து உயர்வு சொல்லும் எந்தக் கொள்கையும் அறிவியல்படி பொய், அறத்தின்படி கண்டிக்கத்தக்கது என்று இனப் பாகுபாட்டை ஒழிக்க 1965இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் முகப்புரையே சொல்கிறது. இதை முன்பே யாராவது என்னிடம் படித்துக் காட்டியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். தலையாட்டிவிட்டுப் போய் ‘அலட்சியம்’ என்றும் எழுதியிருப்பேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “அவங்க நம்மளை மாதிரி இல்லைப்பா” என்றார். அந்த மூன்று மெமோ கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அந்தப் பையன் கிடைச்சானா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன மாதம் ஏழாம் மெஷினில் மறுபடி ரிஜெக்ட். 4 பீஸ். அவர்கள் ஆள்தான் நின்றிருந்தார். காரணம் என்ற இடத்தை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். டூல் நன்றாக இருந்தது. மெட்டீரியல் சரி. ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவரிடமே கேட்டேன், அளக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினேன். எழுதிவிட்டு மனம் கேட்காமல் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். பத்து நாளுக்கு முன்னால், இரண்டாம் மெஷினில், எங்கள் ஆள் ஒருவர் இதே மாதிரி அளக்காமல் விட்டிருந்தார். அந்த வரியிலும் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசரின் மேஜையில் வைத்தேன்.