பந்தைக் காப்பாற்றப் போனவன்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் உயிர்காக்கும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. அதற்கு முன் நாலு வருடம் நீச்சல் குளத்தில் இதே வேலை. ஐம்பது மீட்டரை அலட்டிக்கொள்ளாமல் போய்த் திரும்புவேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு பையனின் பிளாஸ்டிக் பந்து தண்ணீருக்குள் போய்விட்டது. பின்னாலேயே இறங்கப் பார்த்தவனை விசில் ஊதி நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். "இரு, அங்கிள் எடுத்துத் தர்றேன்" என்றேன். பையனின் அம்மா, அத்தை, சுண்டல்காரர் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே!

இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் மட்டும் ஒரு சந்து மாதிரி, அலையே இல்லாத கலங்கல் தண்ணீர். சரி, இதுதான் சுலபமான வழி என்று அதில் இறங்கினேன். கடல் தெரிந்தவர் யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். கரையேறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது. மணல்திட்டு அறுந்த இடத்தில் ஆறு மாதிரி உள்ளே ஓடும். அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. பயிற்சியில் படம் போட்டே காட்டினார்கள். நானும் எழுதி மார்க் வாங்கியிருந்தேன்.

கொஞ்சம் நீந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் சின்னதாகிவிட்டிருந்தது. 1930-இல் இதே கடலில் பிறரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. அவர் போனது மனிதருக்காக. நான் பந்துக்காக.

கரையைப் பார்த்து நேராக நீந்தினேன், குளத்துப் புத்தி. எவ்வளவு அடித்தும் அதே இடம். விசிலை ஊதினால் தண்ணீர் ஏறிப்போய் வெறும் 'புஸ்'. கையைத் தூக்கி ஆட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. முதுகில் கொட்டை எழுத்தில் 'உயிர்காப்பாளர்' என்று போட்ட மஞ்சள் பனியனோடு எப்படிக் கையாட்டுவது? மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்த மாட்டார்கள், மூச்சுக்கே திண்டாடும்போது குரல் எங்கே வரும் என்று நானே பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மூச்சு இருந்தது. வெட்கம்தான் வாயைக் கட்டியது. இப்போதும் தண்ணீரில் யாராவது கரையைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு நின்ற இடத்திலேயே நீந்தினால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

என்னோடு அதே ஷிப்டில் இருந்த ஊரூர் குப்பத்து அண்ணன் மிதவையோடு வந்து சேர்ந்தார். "கைய கால ஆட்டாத தம்பி, சும்மா புடிச்சிக்க." கரைப்பக்கம் திரும்பாமல், கரைக்கு இணையாக வடக்கே கொஞ்ச தூரம் இழுத்துப் போனார். வெள்ளை அலை வந்ததும் அதுவே எங்களைத் தள்ளிக்கொண்டு போய் மணலில் போட்டது.

"எப்படிண்ணா தெரிஞ்சுது?"

"அவ்ளோ நேரமா ஒரே எடத்துல நீச்சல் அடிச்சா யாருக்குத்தான் தெரியாது?"

பந்தைக் கடற்காற்று எப்போதோ கரை சேர்த்துவிட்டிருந்தது. "அங்கிள், அதுவே வந்துடுச்சு" என்று பையன் காட்டினான்.

ஷிப்ட் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஈர பனியனோடு, முதுகு எழுத்தை ஊருக்கே காட்டியபடி கடலைப் பார்த்து நின்றேன். சுண்டல்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கையில் திணித்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.