கிளட்ச் பெடல் போனால் போகட்டும், கிளட்ச் எங்கே போனது?

கிளட்ச் மிதிக்க முடியாதவர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று போர்ஷே 911 ஸ்போர்ட்டோமேட்டிக். 1967ல் அறிமுகமாகி 1980 வரை கிடைத்தது. இன்னொன்று அதே காலத்து ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியா ஆட்டோஸ்டிக். கார்மன் கியாவின் இன்ஜின் பீட்டிலுடையதுதான், வேகத்துக்காக யாரும் அதை வாங்குவதில்லை. ஆனால் உட்காரும் விதமும் தோற்றமும் ஸ்போர்ட்ஸ் கார்தான், விலையும் 911 பக்கத்தில் வராது.

இரண்டிலும் மூன்றாவது பெடல் கிடையாது. கிளட்ச் மட்டும் இருக்கிறது. அதன் சுவிட்ச் கியர் லிவரின் அடியில். லிவரை லேசாக அழுத்தினால் போதும், உள்ளே இரண்டு கான்டாக்ட்கள் தொடும், மின்சாரத்தில் இயங்கும் ஒரு சொலினாய்டு வால்வு திறக்கும், இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்கிலிருந்து வரும் வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) ஒரு டயஃப்ரம் சர்வோவை, அதாவது சவ்வு வைத்த இழுப்புக் கருவியை, இழுக்கும், கிளட்ச் விடுபடும். கையை எடுத்தால் மறுபடி பிடிக்கும். நிற்கும்போதும் கிளம்பும்போதும் இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால் சிக்னலில் கியரிலேயே பிரேக்கைப் பிடித்து நிற்கலாம், இன்ஜின் அணையாது.

ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது காரை அல்ல, உங்கள் கையை. லிவர் மேல் கையை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கார் ஒத்துவராது. கை பட்டுக்கொண்டே இருந்தால் கிளட்ச் பாதி திறந்து திறந்து மூடும், தட்டு தேயும். கை நடுக்கம், தசை இறுக்கம் (ஸ்பாசம்) உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். மேட்டில் ஏறும்போது கை துடித்து லிவரில் பட்டால் இன்ஜின் உறுமும், கார் இழுக்காது. அப்படிப்பட்டவர்கள் பழைய கார்தான் வேண்டுமென்றால் முழு ஆட்டோமேட்டிக் போர்ஷே 928 மாதிரி ஒன்றைப் பார்ப்பது நல்லது. அதில் பவர் ஸ்டியரிங்கும் உண்டு.

வலது காலும் இரு கைகளும் நன்றாக இருந்து, இடது கால் மட்டும் இல்லாதவருக்கோ பலவீனமானவருக்கோ இது ஏறக்குறைய எதையும் மாற்றாமலே ஓட்டக்கூடிய கார். அதே எண்ணத்தில்தான் கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்ற சின்னக் காரைக்கூட ஹைகோமேட் என்ற கிளட்ச் பெடல் இல்லாத வடிவில் செய்தார்கள்.

இரண்டு காலும் உதவாது, ஹேண்ட் கன்ட்ரோல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. இடதுபக்க ஸ்டியரிங் காரில் இடது கை ஆக்சிலரேட்டர்-பிரேக் லிவரில் இருக்கும், வலது கை ஒரு கையால் திருப்ப ஸ்டியரிங்கில் மாட்டும் குமிழில். கியர் மாற்ற வலது கை போக வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடிக்கு ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லை! வளைவில் கியர் மாற்றவே கூடாது என்பது இங்கே எழுதப்படாத சட்டம். ஆறுதல் என்னவென்றால் மாற்ற வேண்டிய தடவைகள் குறைவு. ஸ்போர்ட்டோமேட்டிக்கின் நாலு கியரில் எல் என்பது செங்குத்து ஏற்றத்துக்கு. ஊருக்குள் அடுத்த கியரான ‘டி’யிலேயே நின்று கிளம்பி ஓட்டிக்கொண்டிருக்கலாம், வெளியே வந்தபின் டி3, டி4. 1970களின் நடுவில் வந்த மூன்று கியர் வடிவில் இன்னும் குறைவு. ஆட்டோஸ்டிக்கில் எல், 1, 2. ஊருக்குள் 1 போதும்.

இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை மட்டும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் சிறு லிவராகப் பிரித்து, கேபிள் வழியாக இணைக்கச் சொல்லுங்கள். பிரேக் லிவர் தனியாக இருக்கும். கியர் மாற்றும்போது இடது கை ஸ்டியரிங்கை விட வேண்டியதில்லை. விரலைத் தளர்த்தி ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டபிறகுதான் லிவரைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் விட்ட நொடியில் இன்ஜின் சுழற்சி எகிறிவிடும்.

ஹேண்ட் கன்ட்ரோல் பொருத்துபவரிடம் போகும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: இந்த இரண்டு கார்களிலும் பெடல்கள் தரையிலிருந்து முளைப்பவை. இன்றைய கார்களில் பெடல்கள் மேலிருந்து தொங்கும். கடையில் கிடைக்கும் கிளாம்புகள் எல்லாம் தொங்கும் பெடலின் தண்டுக்கு அளவெடுத்துச் செய்தவை. தரைப் பெடலில் அதை அப்படியே மாட்டினால் தள்ளுகோலின் கோணம் தப்பி, பிரேக்கைக் கடைசிவரை அழுத்த முடியாமல் போகும், அல்லது கிளாம்ப் வழுக்கும். தனி பிராக்கெட் செய்துதான் ஆக வேண்டும். துளை போடாமல், இருக்கும் போல்ட்களிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பிரேக்கின் கனத்தையும் மறக்கக் கூடாது. 911க்கு மிதிக்கும் விசையைக் குறைக்கும் பிரேக் பூஸ்டர் வந்தது 1970களின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய காரை ஒரு காலால் நிறுத்துவதே உழைப்பு, தோளால் தள்ளி நிறுத்துவது அதைவிட. தோள் வலி ஏற்கெனவே இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் கடைசிக் கால 911 எஸ்சி ஸ்போர்ட்டோமேட்டிக்கைத் தேடுவதே புத்திசாலித்தனம். பவர் ஸ்டியரிங் 1989ல் 964 என்ற புதிய வடிவம் வரும்வரை எந்த 911லும் கிடையாது. இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓடும்போது ஸ்டியரிங் லேசுதான், பார்க்கிங்கில்தான் தெரியும். யாராவது அகலமான டயரும் சின்ன ஸ்டியரிங் வீலும் மாட்டி ‘அழகு’ பண்ணியிருந்தால், ஒரு கையில் குமிழைப் பிடித்துத் திருப்பவே முடியாது. பழைய அளவுக்கு மாற்றுவதுதான் மருந்து.

ஏறி இறங்குவதில் கதவு நீளமாக இருப்பது நல்லது, சீட் தாழ்வாக இருப்பது கெட்டது. நாற்காலியிலிருந்து சீட்டுக்கு இறங்குவது எளிது, சீட்டிலிருந்து திரும்ப நாற்காலிக்கு ஏறுவதுதான் பாடு. வாங்கும் முன் இறங்கிப் பார்ப்பதை விட ஏறிப் பாருங்கள், இரண்டு முறையாவது. டார்கா மாடலில் மேல் பலகையைக் கழற்றிவிட்டால் தலைக்கும் கைக்கும் இடம் கிடைக்கும், நாற்காலியின் சட்டத்தைத் தூக்கி மடிப்பதும் சுலபம். சக்கரங்களைக் கழற்றினால் அது பின்சீட்டில் அடங்கும்.

இனி இயந்திரம். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கைப் பிடித்து, கியரில் போட்டு, லிவரைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். தொடும்போது ‘டிக்’ என்ற வால்வுச் சத்தம் வர வேண்டும், விடும்போது ஐடில் (இன்ஜின் சும்மா ஓடும் வேகம்) கொஞ்சம் இறங்க வேண்டும். தொட்டால் ஐடில் தடுமாறினால் சர்வோவின் டயஃப்ரம் கிழிந்து காற்று இழுக்கிறது, அல்லது ஒரு ஹோஸ் வெடித்திருக்கிறது. சத்தமே இல்லாமல் கியர் பல் அரைத்தால் லிவர் கான்டாக்ட் அழுக்கு. சத்தம் வந்தும் அரைத்தால் வேக்குவம் போதவில்லை, அல்லது கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் தப்பியிருக்கிறது. ஆட்டோஸ்டிக்கில் கான்டாக்ட் இடைவெளி 0.25 முதல் 0.4 மி.மீ. அதைவிடக் குறைந்தால் சாலை அதிர்வுக்கே கிளட்ச் விடும்.

கியர் மாறியபின் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கிறதா? ஆட்டோஸ்டிக்கின் கன்ட்ரோல் வால்வில் ஒரு சரிசெய்யும் திருகு உண்டு. கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிப் பார்த்தால் போதும், அதற்கு மேல் போக வேண்டாம். ரொம்ப மெதுவாகப் பிடிக்கும்படி விட்டால் தட்டு வழுக்கிச் சூடேறும். வால்வு இன்ஜின் அறையின் இடது ஓரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே கை எட்டும், நல்ல வேளையாக.

எண்ணெய் விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆட்டோஸ்டிக்கின் கன்வர்ட்டருக்குத் தனித் தொட்டி, அதில் ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய். ஸ்போர்ட்டோமேட்டிக்கின் கன்வர்ட்டர் குடிப்பது இன்ஜின் ஆயிலையே, கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஒரு பம்ப் வழியாக. எதுவானாலும் கன்வர்ட்டர் சீல் கசிந்தால் கிளட்ச் தட்டு நனைந்து வழுக்கும். சீல் விலை அற்பம், அதை எட்ட இன்ஜினையாவது இறக்க வேண்டும், கூலிதான் கொல்லும். கிளட்ச் அறையின் அடியில் ஈரம் தெரிந்தால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

ஐரோப்பாவில் லைசென்ஸ் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். 78 (ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்) என்று மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை, ஓட்டுநர் மிதிக்கும் கிளட்ச் பெடல் இல்லாத வண்டி மேனுவல் கணக்கில் வராது. 15.03 தானியங்கி கிளட்சைக் குறிப்பது, அதற்கும் இவை பொருந்தும். 10.02 இருந்தால் கியரைத் தேர்ந்தெடுப்பதும் தானாக நடக்க வேண்டும் என்று பொருள். இந்தக் கார்களில் கியரை மாற்றுவது உங்கள் கை. விளம்பரத்தில் ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்று பார்த்து முன்பணம் கட்டிவிட்டால் பிறகு தவிக்க வேண்டியதுதான்.

வண்டிக்குள் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை: ஒரு மீட்டர் வேக்குவம் ஹோஸ், நாலு கிளிப், கான்டாக்ட் துடைக்க ஒரு மெல்லிய உப்புத்தாள், கிளட்ச் சொலினாய்டு சுற்றுக்கான ஃப்யூஸ். வழியில் மக்கர் செய்வது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றால் தீரும். பின்னால் போய் எட்டிப் பார்க்க முடியாதவர் என்றால் ஹோஸ்களை எல்லாம் வாங்கிய வாரத்திலேயே புதிதாக மாற்றிவிடுங்கள்.