வடலிக்குள் கிடந்த பந்து

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணை என்று சங்கத்துத் தம்பி மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். நம்முடைய கல்லூரி என்றால் எனக்கு முதலில் மனதில் வருவது மைதானம்தான், அதிலும் கிழக்கு வேலிக்கு அப்பால் இளம் பனைகள் நின்ற வடலிக் காணி.

15 வயதுப் பிரிவில் நான் விளையாடிய கடைசி உதைபந்தாட்டம். ஒரு கோல் பின்னுக்கு நிற்கிறோம். எதிரணிக் கோல் காப்பாளர் பந்து கையில் கிடைத்த போதெல்லாம் வேலிக்கு மேலால் அடித்து வடலிக்குள் போட்டார். இருந்தது ஒரே பந்து. சின்னப் பெடியன்கள் முள்ளுக்கம்பிக்குள்ளால் பூந்து, கருக்கு மட்டை காலைக் கீற, தேடி எடுத்துவர ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார், சரியாக நேரம் முடிய விசிலை ஊதினார். பந்து அப்போதும் வடலிக்குள்தான் கிடந்தது.

அழுதுகொண்டு நின்ற எங்களை எங்கள் ஆசிரியர் இருத்தி வைத்து உதைபந்தாட்டத்தின் ஏழாம் விதியைச் சொல்லித் தந்தார். காயம், ஆள் மாற்றம், அட்டை காட்டுவது, வேண்டுமென்றே நேரம் கடத்துவது, இவற்றால் போன நேரத்தை அந்தந்தப் பாதியின் முடிவில் மத்தியஸ்தர் சேர்த்துத் தரவேண்டும். 1891இல் இங்கிலாந்தில் நடந்ததையும் சொன்னார். ஆஸ்டன் வில்லாவிடம் ஒரு கோல் பின்னுக்கு நின்ற ஸ்டோக் அணிக்குக் கடைசி நேரத்தில் பெனால்டி கிடைக்கிறது, வில்லாவின் கோல் காப்பாளர் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட, அதைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துபோகிறது. பிறகுதான் விதியை மாற்றினார்கள்: பெனால்டி கொடுத்தால், அந்த உதை முடியும்வரை ஆட்டம் நீளும். எங்களைப் போலவே அழுத பெடியன்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் என்று அன்று நினைத்தேன்.

லண்டன் வந்து சில வருடங்களில் நானும் மத்தியஸ்தர் பயிற்சி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் ஆட்டங்கள். இடது கையில் ஒரு மணிக்கூடு, அது நிற்காமல் ஓடும். வலது கையில் இன்னொன்று, யாராவது விழுந்தால், ஆள் மாறினால், அதை நிறுத்திவிடுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடன். பந்து வெளியே போய் எறிந்து தொடங்குவதெல்லாம் ஆட்டத்தின் இயல்பு, அதற்கு நேரம் சேர்ப்பதில்லை, எறிபவர் அளவுக்கு மீறித் தாமதித்தால் மட்டும் சேர்க்கலாம். முதற்பாதியில் நான் கணக்கைப் பிழைவிட்டால் இரண்டாம் பாதியைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டவும் முடியாது. அதனால்தான் மணிக்கூட்டில் அவ்வளவு கவனம்.

1998 உலகக் கிண்ணத்தில் இருந்து நான்காவது நடுவர் தூக்கிக் காட்டும் மின்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் வருவது சேர்த்துத் தரும் நேரத்தின் ஆகக் குறைந்த அளவு, மத்தியஸ்தர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக் 1–0 என முன்னுக்கு நிற்க, பலகையில் 3 என்று வந்தது. அதற்குள் ஷெரிங்கமும் சோல்ஷேரும் ஆளுக்கொரு கோல் போட்டு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அன்று விசில் வைத்திருந்தவர் இத்தாலியின் கொலினா. அதே கொலினா ஃபிஃபா நடுவர் குழுவின் தலைவராக இருந்த 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில்தான் இழந்த நேரத்தை உண்மையாகவே எண்ணச் சொன்னார்கள். இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதிக்கும் சேர்த்து 27 நிமிடம் அளவு கூடுதலாக நடந்தது. நீளம் கூடிப்போச்சு என்று நண்பர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அது முழுச் சரியாகத்தான் பட்டது, கருக்கு மட்டை கீறிய கால்கள்தான் ஞாபகம் வந்தன.

போன மாதம் ஒரு ஆட்டத்தில் பந்து இரண்டு தடவை பக்கத்து ஓடைக்குள் விழுந்தது, ஒரு பிள்ளைக்கு முழங்காலில் அடி. தோற்றுக்கொண்டிருந்த அணியின் தலைவன் ஓடிவந்து எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டான். வலது கையைப் பார்த்து, இன்னும் ஆறு நிமிடம் என்றேன். திரும்பி ஓடிக்கொண்டே மற்றவர்களுக்கு ஆறு விரலைக் காட்டினான்.