ஸா தாத்து என்றால் மூன்று மணி அல்ல

மதியம் இரண்டே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். கால் மணி நேரம் முன்னதாக வந்த பெருமை வேறு. கையில் கோப்பு, பையில் பாஸ்போர்ட்டின் நகல்கள் மூன்று. குடிவரவு அலுவலகத்திலோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். "உங்களை ஸா தாத்துவுக்குத்தானே வரச் சொன்னார்கள்? இப்போதுதான் வருகிறீர்களா?" என்று காவலாளி கேட்டார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அவர் வானத்தைக் காட்டினார்.

தான்சானியாவில் பொழுது விடிந்த பிறகுதான் மணியை எண்ண ஆரம்பிக்கிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. எட்டு என்றால் இரண்டு. அவர்கள் பேசும் ஸ்வாஹிலியில் ஸா தாத்து, அதாவது மூன்றாம் மணி, காலை ஒன்பது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது. அவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கும் இடிப்பதில்லை. 'தாத்து' என்றால் மூன்று என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனவனுக்குத்தான் இடித்தது.

இதில் எனக்கு இரட்டை வெட்கம். ஜாதகக்காரர்களின் உதயாதி நாழிகையும் சூரிய உதயத்திலிருந்துதான் ஓடுகிறது என்பது தெரியும். அதுகூடப் போகட்டும். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து நின்று, பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதான் ஆகிறது என்று சொல்வதை எத்தனை வருடம் சபையில் வாசித்திருப்பேன்! மிஷனரி என்று கிளம்பி வந்தவனுக்கு அந்த வசனம் புரிய, பூட்டிய அலுவலகத்தின் வாசற்படி தேவைப்பட்டது.

அது மூன்றாவது பயணம். ஒவ்வொரு பயணமும் பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம்.

முதல் பயணம் வீணானது பெயரால். இரண்டு வருட ஊழியத்துக்கு வந்திருக்கிறேன். தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் கணக்கு எழுத வேண்டும், மாலையில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர வேண்டும். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாவிட்டாலும் இங்கே அது வேலைதான். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிஷனரிகளும் தன்னார்வலர்களும் எடுக்க வேண்டியது கிளாஸ் சி குடியிருப்பு அனுமதி. அழைக்கிற நிறுவனம்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்த வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. அசல் காகிதங்களோடு நேரில் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஊர் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டிருப்பார்கள் இல்லையா, எனக்கும் அப்படித்தான். ஆனால் அழைப்புக் கடிதத்தில் ஒற்றை எழுத்து இனிஷியலும் என் பெயரும் மட்டும் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது இரண்டு ஆட்கள்" என்றார். இனிஷியல் என்றால் என்ன என்று அரைகுறை ஸ்வாஹிலியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதில் நீ யார்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும் முன்பே செய்யுங்கள்: அழைப்புக் கடிதம், காவல்துறைச் சான்று, படிப்புச் சான்று எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பழைய சான்றிதழ்களை மாற்ற முடியாவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள். இங்கே வந்து அதை வாங்க ஆகும் அலைச்சல் தனி.

இரண்டாவது பயணத்தில் பெயர் சரி, கையெழுத்து சரி, முத்திரை இல்லை. 'முஹூரி' என்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப்தான், ஆனால் அது இல்லாத கடிதம் வெறும் காகிதம். பேராயரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் வட்ட முத்திரை விழாவிட்டால் மதிப்பில்லை. இதற்கு நான் யாரையும் நொந்துகொள்ள முடியாது. கடிதத்தைக் கொடுத்தவர், "முஹூரி வைக்கவா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இதற்கிடையில் விசா நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. அனுமதி வர நாளாகும் என்று தெரிந்தால், விசா முடிவதற்கு முன்பே, தற்காலிகமாகத் தங்கவிடும் ஸ்பெஷல் பாஸ் கேளுங்கள். முடிந்த பிறகு போய் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அன்றாட வாழ்க்கை பரவாயில்லாமல் ஓடியது. சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட்டும் கைரேகையும் கொடுத்தால் போதும், மொபைல் பணமும் அதோடு வந்துவிடும். பெரிய ஊர் தாண்டிவிட்டால் காய்கறி முதல் பஸ் டிக்கெட் வரை அதில்தான். துணிப்பை எடுத்து வாருங்கள். 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. வாளிக் குளியலுக்கும் உகாலி என்ற மக்காச்சோளக் களிக்கும் நம் ஆட்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

பழக நாளானது ஒரு சொல்லுக்கு. இங்கே 'மாமா' என்றால் அம்மா. தாய் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கார அம்மாவை முகத்துக்கு நேரே "மாமா" என்று அழைக்க எனக்கு நாக்கு எழவே இல்லை. அழைக்காமலே சமாளித்தேன். அது அவருக்கு எவ்வளவு மரியாதைக்குறைவாகப் பட்டிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறாவது வாரம் குளிரும் உடல்வலியும் வந்தன. பஸ் அலுப்பு என்று பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் ஓட்டினேன். அந்த மாமாதான் திட்டி, ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார். மலேரியா. மூன்று நாள் 'ம்செட்டோ' மாத்திரையில் எழுந்துவிட்டேன். காய்ச்சல் என்றால் இங்கே முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மற்ற யோசனை எல்லாம்.

மொழியை எனக்குச் சொல்லித்தந்தது பக்கத்து வீட்டுப் பையன். மின்சாரத்துக்கு 'லுக்கு' என்ற முன்கட்டண மீட்டர். பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். ஒரு ராத்திரி கரண்ட் தீர்ந்து இருட்டில் தடுமாறியபோது, அவன் டார்ச் பிடித்து ஒவ்வொரு இலக்கமாக ஸ்வாஹிலியில் வாசித்தான். நான் தப்பாக அழுத்தினால் சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாம் முறை விளக்கு எரிந்தது, எனக்கு ஒன்பது வரை எண்ணவும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். எனக்கு மணலுக்குப் பதில் மீட்டர்.

ஆயிரங்களைக் கற்றது ஆலய வாசலில். காசு இல்லாதவர்கள் காணிக்கையாக முட்டை, வாழைத்தார், கோழி கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே அவற்றை ஏலம் விடுவார்கள். 'எல்ஃபு' என்றால் ஆயிரம் என்பதை ஒரு பப்பாளிக்கு ஏகத்துக்கும் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் ம்ஹிந்தி, அதாவது இந்தியன். இந்தியன் என்றால் கடைக்காரன், மிஷனரி என்றால் பணக்காரன் என்று இங்கே பலருக்கு எண்ணம். இரண்டும் சேர்ந்தவன் பப்பாளிக்குப் பேரம் பேசுவானா என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சரி, நாலாவது பயணம். கிளம்பும் முன் வீட்டுக்கார மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதங்களைப் பார்க்கவே இல்லை. "உள்ளே போனதும் முதலில் என்ன சொல்வாய்?" என்று கேட்டார். "என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பேன்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

காலை ஒன்பதுக்கு, அதாவது உண்மையான ஸா தாத்துவுக்கு, அதே கவுன்ட்டர், அதே அம்மையார். கோப்பைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, லேசாகத் தலை குனிந்து, "ஷிகமோ, மாமா" என்றேன். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "மரஹபா" என்று பதில் வந்தது. வேலை எப்படி, வீட்டில் சௌக்கியமா, ராத்திரி மழை பெய்ததா என்று விசாரிப்புகள் போயின. கோப்பை அவரே கேட்டு வாங்கினார். கடிதத்தைத் திருப்பி முஹூரியைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். "இப்போது ஒரே ஆள்" என்றார்.

முதல் இரண்டு முறையும் அவர் கறாராக இருந்தார் என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்! காகிதக் குறை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முத்திரை இல்லை என்பதை முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அனுமதி போன வாரம் வந்தது, இரண்டு வருடத்துக்கு. படிவத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வருகிறது. அதனால் அந்த அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆலயத்திலும் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். போனில் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ என்னைத்தான் ஊழியத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று சொல்" என்றார்.