பில் கேட்டால் 18 சதவீதம் கூடவாம்!

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எனக்கு வேண்டியது தினமும் கையோடு எடுத்துப் போகிற சின்ன கேமரா. வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையை எடுத்தால் முகம் கலங்காமல் வர வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது இரண்டு லென்ஸும் பையும் சேர்ந்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் கழற்றி மாற்றுகிற பெரிய கேமரா) காம்போ. சின்னதாகக் கேட்டதும், "இத பாருங்க சார், நாப்பது எக்ஸ் ஜூம்" என்று இன்னொன்று.

அந்த ஜூமில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். பையில் அடங்கும் கேமராவுக்குள் அவ்வளவு ஜூம் வைக்க வேண்டுமென்றால் உள்ளே வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லான சென்சாரைச் சுருக்கியாக வேண்டும். பெரும்பாலும் 1/2.3 அங்குலம்தான் இருக்கும்; நிஜத்தில் அதன் அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு அங்குல சென்சார் என்று விற்பது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு. மெகாபிக்சல் மட்டும் இரண்டிலும் 20 என்று போட்டிருக்கும்!

கடை வெளிச்சத்தில் எல்லா கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். அதனால் என் மெமரி கார்டையே போட்டு, கவுன்டருக்கு அடியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த இருட்டை அந்த ஜூம் கேமராவிலும், ஒரு அங்குல சென்சார் உள்ள இன்னொன்றிலும் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், ஜூம் கேமராவில் பெட்டி மேலிருந்த எழுத்து கரைந்து திட்டுத்திட்டாக இருந்தது. ஒரு அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-இல் படிக்க முடிந்தது. 2014-இல் வந்த மாடல், 290 கிராம், எஃப் 1.8 லென்ஸ் (இந்த எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). எனக்கு இதுவே போதும் என்று அட்வான்ஸ் கொடுத்தேன்.

வாங்கப் போன அன்றுதான் வினை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் போட்ட ஸ்டிக்கரே இல்லை. வாரண்டி கார்டு வேறு நாட்டுடையது. "இம்போர்ட் பீஸ் சார், வாரண்டி நாங்களே தர்றோம்" என்றார். சரி, பில் கொடுங்கள் என்றால், "பில்லுன்னா 18 பர்சென்ட் கூட ஆகும்." டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகி, 2019 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. எம்ஆர்பி என்றாலே வரியும் சேர்ந்ததுதான். பில் கேட்பவனிடம் மட்டும் தனியாக வரி வாங்குவது என்ன நியாயம்?

வேண்டாம் என்றதும் அட்வான்ஸ் திரும்பாது என்றார்கள். நல்லவேளை, ரசீதில் மாடல் பெயரோடு "கம்பெனி வாரண்டி உண்டு" என்று எழுதச் சொல்லியிருந்தேன். அதை மேனேஜர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேர வாக்குவாதத்துக்கு அப்புறம் முழுப் பணமும் வந்தது. அட்வான்ஸ் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை எழுதி வாங்குங்கள்.

கடைசியில் அதே மாடலை, பில்லும் பெட்டியும் பத்திரமாக வைத்திருந்த ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கேமராவில் உள்ளதும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்த்து அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். பிறகு எஃப் 11 வைத்து, அதாவது லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி, வெறும் வானத்தை எடுங்கள். கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் அதை நாமே துடைக்க முடியாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பேட்டரி பழையதாக இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த போட்டோகிராபர் நான் கேட்காமலே கழித்தார், நல்ல மனிதர்.

சென்னைக் காற்றுக்கு லெதர் உறையில் வைக்காதீர்கள், ஈரம் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம்.