சோலை ஓரத்தில் சின்னப் பிள்ளைகளோடு: கொடைக்கானல் நாட்குறிப்பு

அக்டோபர் 4, சனி

ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், பெரியவர்கள் மூன்று பேர். பெரியவர்களில் ஒருவரைக் கூடக் குறைக்கக் கூடாது. ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நடுவில் வருபவர் எதையும் சுமக்காமல் வர வேண்டும். யாருக்காவது ஒன்றுக்கு வந்தால் அழைத்துப் போக அவர்தான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக்காட்டை ஒட்டிய பொதுப்பாதையே இந்த வயதுக்குத் தாராளம். ஒன்றரை மணி நேரத்தில் முந்நூறு மீட்டர் நடந்தாலே நல்ல நடைதான்.

காலை 9 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். விடியலிலும் அந்தியிலும் காட்டுமாடு மேய வரும். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. காட்டுமாடு எதிர்ப்பட்டால் ஓடவோ கத்தவோ கூடாது. வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். கன்றோடு நின்றால் அன்றைக்கு நடையை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 11, சனி

ராத்திரி முழுக்க மழை. இலைக்கு இலை அட்டை. கம்பளிச் சாக்ஸின் கண்ணி வழியே குட்டி அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை உறை தைத்து, பேண்டுக்கு மேல் மாட்டி, நாடாவால் கட்டினால் தாங்கும். வெள்ளைத் துணி நல்லது, ஏறுவது உடனே தெரியும்.

உப்பை ஷூவிலும் உறையிலும் தடவலாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் போடாதீர்கள். அது குடித்ததைக் காயத்திலேயே கக்கும், புண் சீழ் பிடிக்கலாம். அட்டையின் மெலிந்த முனைதான் வாய். அங்கே தோலோடு ஒட்டி நகத்தைச் சறுக்கவிட்டால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் பாதி அழுகை குறையும்.

அக்டோபர் 18, சனி

மழையோடு காற்று. நடை இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரத்துக்கு வேர் ஆழம் போகாது, காற்றில் சாயும். காற்று நின்ற மறுநாளும் தலைக்கு மேல் முறிந்து தொங்கும் கிளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளைகளை விட வேண்டும்.

அக்டோபர் 25, சனி

இன்றைக்கு ஒரே ஒரு மரம். பட்டையில் சாம்பல் நிறத்தில் காகிதம் கசங்கினாற்போல் ஒட்டியிருப்பது கல்பாசி. வீட்டில் மசாலாவுக்கு வறுக்கிறோமே, அந்த இனம்தான். மழை படாத பக்கம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. தெளிப்பானால் நாலு தடவை தண்ணீர் அடித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் கரைந்து பச்சை மேலே வருகிறது. மேல் தோல் பூஞ்சை, அதற்கடியில் பச்சைப் பாசி. தோல் நனைந்தால் கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டும். இதைப் பார்த்த பிள்ளை அடுத்த மரத்துக்குத் தானாக ஓடும். கொஞ்சம் முன்கூட்டியே தெளிப்பானை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.

லென்ஸ் பத்து மடங்கு வேண்டாம். பொருளிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் பிடித்தால்தான் அதில் தெளிவாகத் தெரியும்; சின்னக் கை அசைந்துவிடும். அகலமான மூன்று மடங்கு லென்ஸ் போதும். கல்பாசியைப் பெயர்க்க விடாதீர்கள். உள்ளங்கை அளவு வளரவே பல வருஷம் ஆகும்.

நவம்பர் 1, சனி

விழுந்து மக்கிய கட்டையைப் பெரியவர்தான் புரட்ட வேண்டும், அதுவும் தன் பக்கமாக. அப்போது அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் ஓட வழி கிடைக்கும். பார்த்ததும் பழையபடி மூடிவிட வேண்டும். வெயில் பட்டால் உள்ளே ஈரம் போய்விடும். கிளையைப் பிடிக்கும் முன் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். குழிவிரியன் என்ற விஷப்பாம்பு ஆள் வந்தாலும் நகராமல் இலையோடு இலையாக இருக்கும்.

செந்தட்டி என்ற அரிக்கும் செடி பட்டால் தேய்க்கவே கூடாது, சுணை ஆழமாக இறங்கும். செலோ டேப்பை ஒட்டி உரித்தால் சுணை அதோடு வரும். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

நவம்பர் 8, சனி

வீடு திரும்பியதும் துணி நேரே வெந்நீருக்குள், பிள்ளை குளியலுக்கு. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்புப் பட்டி அழுத்திய இடம் எல்லாம் விளக்கடியில் பாருங்கள். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் பூச்சிக்குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு. அது கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு வரலாம். வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. எல்லாருக்கும் அது வருவதுமில்லை. நடை முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோலைப்பக்கம் போன தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.